கொடிக்காரிக்கு அப்பா எழுதிக் கொடுப்பது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம், என் வலது முழங்கால் மட்டும் அதற்குத் தோன்றுகிற நாளில் நலமாக இருக்கிறது. நீயும் நலமாக ஓடிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். உலகத்தில் பாதிப் பேர் டிவி முன்னால் உட்காருகிற அந்தப் பெரிய கால்பந்துப் போட்டிக்கு நம் வீட்டுப் பெண்ணைத் துணை நடுவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்ற செய்தி வந்து இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் எனக்குச் சட்டைப் பித்தான் ஒழுங்காகப் போட வரவில்லை, ஏதாவது ஒன்று துளை மாறிப் போய்விடுகிறது. நடுவர்களின் வீட்டாருக்கு என்று கொடுத்த இரண்டு இடத்தில் ஒன்று அம்மாவுக்கு, இன்னொன்றுக்கு அப்பா வரணும்னா அவரே கையால எழுதிக் கேக்கட்டும், ஃபோன்ல விட்டா சிரிக்க வெச்சே தப்பிச்சிடுவார் என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். அதனால் எழுதுகிறேன். இதற்கு முன் நாலு தாள் கிழித்துப் போட்டாகிவிட்டது.

முதலில் வீட்டுச் செய்தி. உன் தம்பிக்குப் பல் வலி போய்விட்டது, பல்லும் போய்விட்டது. யாராவது ஒரு ஆட்டக்காரரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பச் சொல்லுங்க என்று நச்சரித்தான், உங்க அக்கா அங்க விசிறியா போகல, வேலைக்குப் போயிருக்கா என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள். நீ இன்னும் சரி சொல்லவில்லை, அதற்குள் எனக்கும் சேர்த்து விசாவுக்கு விண்ணப்பித்தது அம்மாதான், என்னைத் திட்டாதே. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி நீங்க எந்த அணிக்கு ஆதரவு என்று கேட்டார். நான் எந்த அணிக்கும் இல்லைங்க என்றேன். அப்புறம் எதுக்குப் போறீங்க என்றார். ஓரத்துல கொடி பிடிச்சுட்டு ஓடுவாங்களே, அவங்களைப் பார்க்க என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பந்தைப் பார்க்காமல் கோட்டைப் பார்க்க ஒருவன் விமானம் ஏறுவான் என்பதை அவரால் நம்ப முடியவில்லை போலிருக்கிறது, என் காகிதங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கடைசியில் உன் அம்மா பையிலிருந்து செய்தித்தாளில் வந்த உன் படத்தை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் வைத்து, இவ எங்க பொண்ணு என்றாள். பிறகு அவர்கள் கேட்டதெல்லாம் உன் வயது என்ன, எவ்வளவு வேகம் ஓடுவாய் என்றுதான். விசா கிடைத்துவிட்டது. அம்மா மழைக்கோட்டு வாங்கிவிட்டாள், பெட்டியை மூன்று தடவை அடுக்கி மூன்று தடவை கலைத்துவிட்டாள்.

விஷயத்துக்கு வாங்க என்று அம்மா பின்னால் நின்று சொல்கிறாள். வருகிறேன். விசா கிடைத்த அன்றே அவள் எனக்கு ஒரு பரீட்சை வைத்தாள். முப்பது வருஷம் தேர்வு அறையில் நின்ற டீச்சர், அவளுக்கு வேறு எப்படித் தோன்றும். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்கு என்னைக் கூட்டிப் போவாள், பஸ் டிப்போவும் தபால்காரர்களும் ஆடும் ஆட்டத்தை நான் வாய் திறக்காமல் பார்க்க வேண்டும், அவள் நோட்டில் மதிப்பெண் போடுவாள். முதல் வாரம் பதினோரு தடவை கத்தினேன். இரண்டாம் வாரம் வாயில் புளிப்பு மிட்டாயை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன், நாலு தடவைதான், ஆனால் நாலாவது தடவை மிட்டாய் தொண்டையில் மாட்டி அம்மா முதுகில் அடித்த அடியில் ஆட்டமே ஒரு நிமிடம் நின்றது. மூன்றாம் வாரம் ஒரு சொல் பேசவில்லை, ஆனால் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினேன் என்று பாதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டாள். நான் மறுமதிப்பீடு கேட்டேன், கிடைக்கவில்லை.

போன ஞாயிறு நாலாம் வாரம். கோட்டில் கொடி பிடித்தது அந்த ஒல்லியான வங்கி குமாஸ்தா. டிப்போக்காரன் கோல் போட்டான், குமாஸ்தா கொடியைத் தூக்கிவிட்டார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மருந்துக் கடைக்காரர் எழுந்து, கண்ணை வீட்ல வெச்சுட்டு வந்தியாடா என்று கத்தினார். அந்தச் சொல் உனக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கு எப்படி வந்ததோ தெரியவில்லை, திரும்பி நின்று, யோவ், அவன் ஒரு அடி முன்னால நின்னான், உன் கண்ணு எங்கய்யா இருக்கு என்று பிடித்துக்கொண்டேன். பெரிய சண்டையாகிவிட்டது. அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கூட்டி வந்தாள். ஃபெயில்தானே என்று கேட்டேன். அவள் கொஞ்ச தூரம் நடந்த பிறகு, அன்னிக்கும் உங்களுக்கு இதே மாதிரி தெளிவா தெரிஞ்சுதா என்று கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன், அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை உனக்கே எழுதுகிறேன்.

தெரிந்தது மகளே. ஒன்பது வருஷத்துக்கு முன், நீ நடுவர் தேர்வு எழுதி முதல் தடவை கொடி பிடித்த அன்று, தொழிற்சாலைக் கோப்பை இறுதி ஆட்டத்தில், எங்கள் காகித ஆலை அணியில் பீரங்கி என்று நாங்கள் கூப்பிடும் ஆட்டக்காரன் கடைசி நிமிடத்தில் போட்ட கோலுக்கு நீ கொடி தூக்கினாயே, அது ஆஃப்சைடுதான். நான் கோட்டுக்கு நேராக இரண்டாவது பெஞ்சில் இருந்தேன். பந்து கிளம்பும்போதே பீரங்கி எதிரணியின் கடைசித் தடுப்பாளரைவிட ஒரு முழம் முன்னால் நின்றான். ஆலையில் காகிதம் வெட்டும் கத்தி ஒரு நூல் விலகினாலும் கண்டுபிடிக்கிறவன் நான், ஒரு முழத்தையா விட்டிருப்பேன். பார்த்துவிட்டுத்தான் எழுந்து நின்று அத்தனை பேர் முன்னால் உன்னைப் பார்த்து அந்த மருந்துக் கடைக்காரர் சொன்ன அதே சொல்லைக் கத்தினேன். பெத்த அப்பனே சொல்றான் பாரு என்று ஊரே சிரித்தது, நீ திரும்பவே இல்லை, கொடியையும் இறக்கவில்லை. பக்கத்தில் எங்கள் ஃபோர்மேன் இருந்தார், பிரிவு ஆட்கள் மொத்தமும் இருந்தார்கள், மகளுக்குப் பரிந்துகொண்டு சும்மா இருக்கிறான் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன், அவ்வளவுதான் காரணம். இனி என் ஆட்டத்துக்கு நீங்க வரக்கூடாது என்று நீ சொன்னதும் கோபித்துக்கொண்டவன் போல நடித்துவிட்டேன். அதன் பிறகு உன் ஆட்டங்களையெல்லாம் டிவியில்தான் பார்த்தேன். திரையின் ஓரத்தில் உன் கால் மட்டும் வந்து வந்து போகும், முழுசாக எப்போது வருவாய் என்று காத்திருந்து நான் எத்தனை கோலைத் தவறவிட்டேன் என்று எனக்கே தெரியாது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

திங்கட்கிழமை டீக்கடைக்குப் போய் பீரங்கியிடமும் சொல்லிவிட்டேன். அவன் கப்பைக் கீழே வைக்காமலே, அது எனக்கு அப்பவே தெரியும்ண்ணே, நீங்கதான் ஒன்பது வருஷமா கோல் கோல்னு நின்னீங்க, பெரியவர் மனசு கஷ்டப்படுமேன்னு நானும் விட்டுட்டேன் என்றான். உனக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னான். ஆலையில் உன்னைக் கிண்டலாகக் கொடிக்காரி என்று கூப்பிட்டார்களே, இப்போது எங்க கொடிக்காரி என்று வாசல் பலகையில் உன் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். படம் ஒரு நூல் சாய்வாக இருந்தது, நான் நேராக்கிவிட்டு வந்தேன்.

நான் வரலாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அம்மாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையம் வரை போய்விட்டுத் திரும்பிவிடுவேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். நீ எந்தப் பக்கம் கொடி காட்டினாலும் எனக்கு அதுதான் முடிவு. இந்த முறை எழுந்து நிற்க மாட்டேன்.

உன் காலுக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். ஓடி முடித்ததும் வியர்வையோடு ஏசிக்கு முன்னால் நிற்காதே, புதுக் காலுறையை முதல் ஆட்டத்துக்குப் போடாதே, கடிக்கும். அம்மா தன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள், கீழே ஓரத்தில் நூற்றுக்கு முப்பத்தைந்து என்று போட்டிருக்கிறாள், பாஸ்தானாம்.

இப்படிக்கு,
அன்று இரண்டாவது பெஞ்சில் கோட்டுக்கு நேராக உட்கார்ந்திருந்த
உன் அப்பா