இறக்கை நின்ற வளைவு

திருவொற்றியூர்
23.5.2004

அன்புள்ள அண்ணா,

நலமா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன், கோபம்தான் வருகிறது. துறைமுகத்தில் காற்றாலை இறக்கையை டிரெய்லரில் ஏற்றியபோது பத்து நாள் என்றாய். இரண்டு மாதம் போய்விட்டது. சௌமியாவின் காதுகுத்தை இரண்டு முறை தள்ளிவைத்தாயிற்று. தாய்மாமன் மடியில்லாமல் எப்படிக் குத்துவது? "இன்னாமே, உங்கண்ணன் காத்தாடியோட குடித்தனம் பண்ணிகினு கீறானா?" என்று உன் மச்சான் பொன்னுரங்கம் தெருவுக்கே கேட்கும்படி கேட்கிறார். ஆடி பிறப்பதற்குள் வா.

தங்கை மாயா


கணவாய் முகாம்
2.6.2004

பாசமுள்ள மாயா,

நான்காவது வளைவில் வண்டி நிற்கிறது. லாரி திரும்பும் அளவுக்குத்தான் பாறையை உடைத்துச் சாலை போட்டிருக்கிறார்கள். இறக்கையின் வால் வெளியே எவ்வளவு வீசும் என்று யாரும் நினைக்கவில்லை. எண்ணூர் சாலையில் கண்டெய்னர் ஓட்டியவன் நான், முதல் நாளே சொன்னேன். இப்போது வெடி வைத்து அகலப்படுத்துகிறார்கள். காற்றில் தட்டுச் சோறு பறக்கிறது. எனக்காகக் காத்திருக்காதே, மச்சானின் தம்பி மடியில் வைத்துக் குத்திவிடு.

அண்ணன் அன்புமணி


திருவொற்றியூர்
14.6.2004

அண்ணா,

அப்படி எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? உன்னோடு வந்த டிரைவர் அம்புரோஸை மாதவரத்தில் உன் மச்சான் பார்த்தார். இறக்கை மேலே போய் ஒரு மாதமாகிறதாம். உன்னைப் பற்றிக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டானாம். கணவாய் முகாம் என்று எழுதியிருக்கிறாய், உறையிலோ தேனி தபால் முத்திரை இருக்கிறது. அங்கே யாரையாவது கட்டிக்கொண்டாயா? சுற்றி வளைக்காமல் எழுது.

மாயா


தேனி
22.6.2004

மாயா,

யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. ஏப்ரலில் அந்த வளைவில் வண்டி பின்னால் சரிந்தது. சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க இறங்கினேன். வலது காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன், முகாமுக்கு வரும் உன் கடிதங்களை இங்கே கொண்டுவந்து தருகிறார்கள். குழந்தையை உட்காரவைக்க எனக்கு மடி இல்லையம்மா. அத்தனை பேர் முன்னால் அப்படி வந்து உட்கார வெட்கமாக இருந்தது.

அன்புமணி


திருவொற்றியூர்
27.6.2004

அண்ணா,

அழுதேன். அதற்காகக் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. இரண்டு மாதமாகத் தனியாகக் கிடந்திருக்கிறாய், எங்களிடம் சோறு பறந்த கதை சொல்லியிருக்கிறாய்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். உன் மச்சான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். அப்புறம் சொன்னார்: "ஒரு தொட கீதில்ல? கொயந்த இன்னா ஆனையா? இன்னொரு பக்கம் நான் குந்திக்கிறேன்."

உன்னை அழைத்துவர நாளை கிளம்புகிறார். அவரிடம் தகராறு பண்ணாதே. ஜூலை பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை காலை காதுகுத்து. மூன்றாவது முறை தள்ளிவைக்க என்னால் முடியாது.

மாயா