மாயாவின் சொற்கணக்கு

2025 செப்டெம்பர் 2, செவ்வாய்
விளக்கேற்றி முடிய, தம்பி சிந்துஜன் மாயாவைக் கொண்டுவந்து விட்டான். இரண்டரை வயது, பேச்சு பிந்துகிறது. என்னென்ன சொல்கிறாள் என்று மொழிவாரியாக எழுதிவைக்கட்டாம், பேச்சுப் பயிற்சிக்காரி சொல்லியிருக்கிறா. "அக்கா, நீதான் எழுதவேணும். நாங்கள் ரெண்டு பேரும் வேலையால வரப் பொழுதுபட்டுடும்."
பால், பாண் கணக்கு எழுதும் கொப்பியில் மூன்று நிரல் கீறினேன். தமிழ். ஜெர்மன். தாய் எல்மாரியின் ஆபிரிக்கான்ஸ்.
மூன்றாவதை ஏன் கீறினேனோ.

செப்டெம்பர் 11
தமிழ் 9. ஜெர்மன் 6. ஆபிரிக்கான்ஸ் 21.
பகல் முழுக்கச் சோறு தீத்துறது நான், குளிக்க வாக்கிறது நான். தாய்க்காரி பின்னேரம் வந்து ரெண்டு பாட்டுப் பாட இருபத்தொண்டோ! தென்னாபிரிக்காவில் கனபேர் வீட்டில் பேசுகிற பாஷைதானாம். இருக்கட்டும். இஞ்ச சுவிஸில, இந்த ஆராவ் ஊரில, ஆர் கதைக்கினம்? கோயிலில் இன்னொரு மோதகம் கேட்டு மாயா "நோஹ், நோஹ்" என்றாள், தாயின் பாஷையில் 'இன்னும்'. "என்ன இந்திரா, பிள்ளைக்குத் தொண்டையில முள்ளோ?" கஜலக்சுமி சிரிச்ச சிரிப்பு.

செப்டெம்பர் 12
அந்தப் பாஷை வந்தால் சுட்டுவிரலை மாயாவின் உதட்டில் வைக்கிறேன். வாயை மூடினால் ஒரு முந்திரிகை வத்தல், காய்ந்த திராட்சை. விளையாட்டென்று சிரிக்கிறாள்.

செப்டெம்பர் 23
நூலகத்தில் அந்தப் பாஷைப் புத்தகம் எடுத்து நானே படிக்கிறேன். வாட்டர், மெல்க், ஹோண்ட், ஓமா. தண்ணீர், பால், நாய், அம்மம்மா. ஜெர்மனிலும் கிட்டத்தட்ட அதே ஓசைதானே? இரண்டாம் நிரலில் எழுதினேன்.
பொய் எழுதவில்லை முருகா. இடம்தான் மாற்றினேன்.

ஒக்டோபர் 5, ஞாயிறு
கொப்பியைக் காட்டினேன். தமிழ் 34, ஜெர்மன் 27, ஆபிரிக்கான்ஸ் 4.
எல்மாரி கனநேரம் பார்த்தாள். தன்னோடு மாயா அந்தப் பாஷையில் நிறையச் சொல்கிறாளே என்றாள், ஜெர்மனில். "உனக்கு அப்பிடிக் கேக்குது. அக்காவின்ர கணக்கு ஒருநாளும் பிழைச்சதில்லை. இனி ஜெர்மன்ல கதை" என்று சிந்துஜன் முடித்தான். அவள் தலையாட்டினாள். "நீங்கள் எழுதினால் சரியாத்தான் இருக்கும், மச்சாள்." மச்சாள் மட்டும் தமிழில்.
இரவு எனக்குச் சோறு நல்லா இறங்கியது.

ஒக்டோபர் 27
சூரன்போர், அட்லிஸ்வில் கோயில். ஆறு நாள் விரதம் ஒரு குறையுமில்லை. ஆபிரிக்கான்ஸ் 0.

நவம்பர் 9, ஞாயிறு
தம்பி வீட்டில் சாப்பாடு. எல்மாரியின் தாய் வீடியோவில் வந்தா, மூக்கில் ஒட்சிசன் குழாய். அந்த மனுசிக்கு அந்த ஒரு பாஷைதான். பிள்ளையிடம் திரும்பத் திரும்ப என்னவோ கேட்டா. எல்மாரி குசினியில். பொம்மை நாயைக் காட்டச் சொல்கிறா — எனக்கு விளங்கியது. மாயா மரம் மாதிரி நின்றாள். நாய் என்ர காலடியிலதான் கிடந்தது.
நான் எடுத்துக் குடுக்கேல்லை.

நவம்பர் 21
அந்த மனுசி செத்துப்போச்சு.
நான் போகேக்க எல்மாரி தமக்கையோட போனில, அந்தப் பாஷையில, குளறி அழுதுகொண்டிருந்தாள். மாயா ஓடிப்போய் மடியில ஏறினாள். சுட்டுவிரலைத் தாயின்ர உதட்டில வைச்சாள். பிறகு என்னட்டத் திரும்பி, வத்தலுக்குக் கை நீட்டினாள்.
எல்மாரி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு என்னை. கொப்பியைக் கேட்டாள்.
மச்சாள் எண்டு சொல்லேல்லை.

டிசெம்பர் 4
பிள்ளையைக் காப்பகத்தில் விடுகிறார்களாம். இன்றைக்கு பஸ் தரிப்பில் கண்டேன். தம்பி மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான். மாயா என்னைக் கண்டு சிரித்தாள். மாமி எண்டு கூப்பிடுவாள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்.
சுட்டுவிரலைத் தன்ர வாயில வைச்சாள்.