பட்டாணிக்கு வந்த குச்சிகள்

1961, சித்திரை, வியாழக்கிழமை.

கோபம் இன்னும் ஆறவில்லை. எங்கள் மலையூர் ஏரிக்கரையில் புதிதாகப் பங்களாக்கள் கட்டுகிறார்கள். அங்கே கார் போக வழி வேண்டுமாம். அதற்காக எங்கள் ஐந்து வீடுகளுக்கு முன்னால் போகும் வாய்க்காலை மண் போட்டு மூடப் போகிறார்கள். போன மாதம் சர்வேயர் வந்து, வாய்க்கால் நெடுக இடுப்புயரக் குச்சிகளை நட்டுவிட்டுப் போனார். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று திரும்பி வந்தவர் ஒரு குச்சியையும் காணாமல் விழித்தார். எல்லாம் என் தோட்டத்தில் பட்டாணிக் கொடியைத் தாங்கிக்கொண்டு நின்றன.

"யாரும்மா பிடுங்குனது?"

"நான்தாங்க. எங்க பக்கம் குச்சி சும்மா நின்னா கொடிக்கு ஊணிருவோம்."

"தண்ணியே இல்லாத வாய்க்காலுக்கு ஏம்மா இம்புட்டு வீம்பு?"

"சித்திரையில பாத்தா அப்படித்தாங்க கெடக்கும். ஐப்பசியில வாங்க. ஏரி நெறஞ்சு வர்ற தண்ணிக்கு வேற வழி கெடையாது. இத மூடுனா எங்க அடுப்படிக்குள்ளதான் ஓடும்."

அவர் ஒரு குச்சியைப் பிடுங்கக் குனிந்தார். அதில் கொடி சுற்றிப் பூ விட்டிருந்தது.

"பூத்த கொடியிலயா கை வைக்கப் போறீங்க?" என்றேன். கையை எடுத்துக்கொண்டார்.

சர்க்கார் குச்சி, வம்பு வரும் என்று வீட்டுக்காரர் சாப்பிடாமலே படுத்துவிட்டார். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. சர்வேயர் நாளைக்கு இன்னும் ஐம்பது குச்சி கொண்டு வருவாராம்.

கொண்டு வரட்டும். விதைப் பட்டாணியை ஊறப் போட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.