சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே ஆள் உண்டு

அன்பு மகள் வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், உன் தம்பி, அத்தை மூவரும் உடம்பளவில் நலம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, எப்போதும் வாசலையே பார்த்து உட்காராமல் ஒரு நாளாவது சுவரைப் பார்த்து நிம்மதியாக உட்கார்ந்து நலமாக இருக்கிறாய் என்று நம்ப ஆசை. நாற்பது வயதுப் பெண்ணை இன்னும் வாலு என்று கூப்பிடுவதா என்று அத்தை கேட்கிறாள், அவள் வாலைச் சுருட்டி வைக்கட்டும், நான் பெயரை மாற்றுகிறேன் என்றேன். அத்தை சமையலறையைப் பிடித்துக்கொண்டாள். உப்புப் போட்டோமா என்ற சந்தேகத்தில் இரண்டு முறை போடுகிறாள், கேட்டால் நாக்குச் செத்தவனுக்கு என்ன தெரியும் என்கிறாள். எதிர்க் கட்டடத்து லிப்ட் போன வாரமும் நடுவில் நின்றது, மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்று பாராமல் என்னைத்தான் கூப்பிட்டார்கள், போனேன், ஸ்பேனரைத் தம்பி வாங்கிக்கொண்டு நான் சொல்லச் சொல்ல முடுக்கினான். அம்மாவின் கட்டிலை இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் அந்த அறையில் உன் கேமரா ஸ்டாண்டு நின்ற மூன்று தடம் மட்டும்தான் மிஞ்சும்.

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த நகத்தளவு கேமரா கார்டும் வந்து சேர்ந்தன. அதில் நீ, அம்மாவைப் பற்றிய படத்தை விட்டுவிட்டேன், பழைய பத்திரிகையோடு பேசி முடித்தாயிற்று, அடுத்த மாதம் மறுபடியும் சண்டை நடக்கிற இடத்துக்கே போட்டோ எடுக்கப் போகிறேன், அங்கே சாகிறவர்கள் யாரும் எனக்கு அம்மா இல்லை என்று எழுதியிருக்கிறாய். நீ குண்டுக்கும் புகைக்கும் நடுவே அலைந்த வருஷங்களில் போன் மணி அடித்தால் அம்மா எடுக்க மாட்டாள், என்னைத்தான் எடுக்கச் சொல்லுவாள். அதெல்லாம் போதும், இனி நம் வீட்டைப் படம் எடுக்கப் போகிறேன் என்று நீ பெட்டியோடு வந்து நின்றபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கதாநாயகி ஆக இப்போதுதான் எனக்கு முகம் வந்ததா என்று கேலி செய்துகொண்டே தலை வாரிவிடச் சொன்னாள். அவள் கடைசி மத்தியானம் அந்தக் கார்டில் இருக்கிறது, நான் பார்க்கவில்லை, நீங்கள் பாருங்கள், இல்லாவிட்டால் உடைத்துப் போடுங்கள் என்று என் கையில் தள்ளிவிட்டாய்.

அன்றைக்கு நடந்ததை நாம் இருவரும் இதுவரை வாய்விட்டுப் பேசவில்லை. நான் வீட்டில் இருக்கிறேன் என்ற தைரியத்தில் நீ கேமராவை ஓடவிட்டு மருந்துக் கடைக்குப் போனாய். நான் அறைக் கதவு வரைக்கும் வந்தேன், அலமாரி மறைத்ததில் கேமராவின் சிவப்பு விளக்கு மட்டும்தான் கண்ணில் பட்டது. விளக்கு எரிந்தால் யாரும் உள்ளே வரக்கூடாது, சத்தம் கூடாது என்பது நீ வந்த அன்றே போட்ட சட்டம். என் பிழைப்பிலும் அதே பாடம்தான், லிப்டுப் பலகையில் சிவப்பு எரிந்தால் உள்ளே ஆள் உண்டு. நீ கடைக்குப் போனது தெரியாமல், உள்ளே நீ இருக்கிறாய் என்று கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனேன். அம்மா தனியாகப் போய்ச் சேர்ந்தாள். அப்பா உள்ளே போயிருந்தால் என்று நீயும், வாலு கடைக்குப் போகாமல் இருந்திருந்தால் என்று நானும் நினைத்துக்கொண்டோம், இல்லையா. நான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

தம்பி கார்டை டிவியில் மாட்டிக் கொடுத்தான், அவனை வெளியே அனுப்பிவிட்டுப் பார்த்தேன். பாதியில் அணைத்து மறுபடியும் போட்டேன். நீ எத்தனையோ பார்த்தவள், அதனால் மறைக்காமல் சொல்கிறேன். முதலில் தூங்குகிறாள். அப்புறம் கண் திறந்து நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். கட்டிலைத் தாண்டி அவள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாதே, விளக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. “ஏண்டி வாலு, எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே இருப்ப, கால் வலிக்காதா, உக்காரு” என்கிறாள். சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். பதில் வராததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, விளக்கு எரியும்போது நீதான் வாயே திறக்க மாட்டாயே. என் குறட்டையைப் பற்றி ஏதோ சொல்லித் தானே சிரித்துக்கொள்கிறாள். பிறகு தண்ணீர் கேட்கிறாள். இரண்டு முறை கேட்கிறாள். நான் டிவி முன்னால் எழுந்து நின்று டம்ளரைத் தேடினேன், என் கிறுக்கைப் பார். கொஞ்சம் காத்திருந்துவிட்டு, “சரி, வேலையை முடிச்சிட்டுக் குடு, அவசரமில்ல” என்று கண்ணை மூடிக்கொள்கிறாள். அதற்கப்புறம் ஜன்னல் திரை ஆடுவது மட்டும்தான், நீ மருந்தோடு வந்து கதவைத் திறக்கும் வரை.

இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று எழுதி எழுதிக் கிழித்தேன். நீ எதிரே நின்றும் தண்ணீர் தரவில்லை என்று நினைத்துத்தான் அவள் போனாள், அது என்னைக் கொல்கிறது. ஆனால் யாருமில்லாமல் போகிறோம் என்று நினைத்துப் போகவில்லை, மகள் நிற்கிறாள் என்று நினைத்துப் போனாள். இரண்டும் உண்மை, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட எனக்குத் தெரியவில்லை. கார்டை உடைக்கவில்லை, அவள் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்திருக்கிறேன். நீ போகிற இடத்திலும் யாராவது தண்ணீர் கேட்பார்கள், அவர்களும் யாருக்கோ அம்மாதான், அங்கே போய் இதிலிருந்து ஒளிய முடியாது அம்மா. எனக்கு இன்னொரு போன் மணியைத் தாங்கத் தெம்பில்லை. அப்பாவுக்கு முடியவில்லை என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல், அது பொய்யும் இல்லை. வந்துவிடு. கார்டை இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம், அப்புறம் படத்தில் அது இருக்கவேண்டுமா என்று நீ முடிவு செய்.

ஒரு குறையும் அண்டாமல் நெடுநாள் நன்றாக இரு, இது என் ஆசி. அத்தையின் ஆசியும் உண்டு, உப்புக் கொஞ்சம் தூக்கலாக. தம்பி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னான். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அது நான் சொல்வதில்லை, அம்மா சொன்னது. உட்காரு, கால் வலிக்கும்.

இப்படிக்கு,
அந்த அறைக் கதவை இப்போது சாத்துவதே இல்லாத
அப்பா