முகம் காட்டும் போன்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முட்டிவலி, அண்ணியின் இருமல் எப்படி இருக்கிறதென்று எழுது.

பிள்ளைகள் நச்சரித்ததால் ஸ்மார்ட்போன் வாங்கப் போனேன். எட்டாவதோடு நின்ற மேதையாயிற்றே, பேட்டரி, மெமரி எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினேன். கடைக்காரர் மலிவான போன் ஒன்றை என் முகத்துக்கு நேரே பிடித்தார். போன வருடம் நான் கடைசியாக முகம் பார்க்கக்கூட வர முடியாதபடி போய்ச்சேர்ந்தாரே அண்ணன், அவர் அதிலிருந்து என்னைப் பார்த்தார். அதே நெற்றி, அதே சரிந்த இடது கண். இங்கே எங்கள் அறையில் உள்ளங்கை அளவு சவரக் கண்ணாடிதான் இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து, என் முழு முகத்தை நான் பார்த்தே ஆறு வருடமாகிறது.

"விலை கூடுனதைப் பாருங்கண்ணே, சுருக்கமே தெரியாது" என்றார் கடைக்காரர். அதில் நான் புதுமாப்பிள்ளை. அண்ணனைக் காணவில்லை.

"முதல்ல காட்டுனதையே குடுங்க."

"அதுல கேமரா சுமாருங்க."

"மூஞ்சியும் சுமார்தாங்க."

தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அதைத் திறந்து பார்க்கிறேன். நான் சிரித்தால் அவரும் சிரிக்கிறார், கொஞ்சம் தாமதமாக.

பெட்டியிலிருக்கும் அண்ணன் போட்டோவை மடிக்காமல் அனுப்பு. வேன் வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறான். அடுத்த மாதம் முதல் ஞாயிறு, பெரியவள் போனில் வீடியோவில் வருகிறேன். சட்டென்று அண்ணியிடம் நீட்டிவிடாதே. முதலில் நீ பார்த்து, நான்தானா என்று சொல்.

உன் வீட்டுக்காரன்