ஐயரம்மாவின் பிடியரிசி

ஐயரம்மா,

இன்று அரிசி களைந்தேன். பாய் கடையில் வரிசையில் நின்று வாங்கிய அரிசி. பாதி குறுணை, மக்கிய வாடை வேறு. ஆனாலும் அரிசி. அத்தனை காலம் மரவள்ளிக்கிழங்கை மட்டுமே வேகவைத்த அடுப்பில் உலை கொதித்து, அரிசி விழுந்து, அந்த வாசனை எழுந்தபோது கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். உலையில் போடுவதற்கு முன்பே ஒரு பிடியை அள்ளி மூலைப்பானையில் போட்டுவிட்டேன். கை தானாகச் செய்தது.

வள்ளியின் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். "யாருக்கு அது?" என்றார்.

ஜப்பான்காரன் ரயில்பாதை போட்ட சயாமுக்குப் போய், எலும்பாய்த் திரும்பி வந்த மனிதர். கண்ணெதிரே ஒரு பிடி அரிசி பானைக்குள் மறைந்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் போன உடனே எழுதியிருக்க வேண்டியது. பிந்திவிட்டது.

எழுத வைத்தவர் உங்கள் சபை மூப்பர். போன வாரம் வீடு தேடி வந்தார். உங்கள் நினைவு ஆராதனையில் வாசிக்க நான்கு வரி வேண்டுமாம்.

"நீங்க காலேஜ் படிச்சவங்க, நல்லா எழுதுவீங்க. அம்மா சாந்தமானவங்க, பொறுமையானவங்க, ஒருத்தர் மனசையும் நோகடிக்காதவங்க. அந்த மாதிரி எழுதிக் குடுங்க லா."

முதலில் சிரிப்பு வந்தது, பின்னாலேயே கோபம் வந்தது. "அது வேற யாரோ, எனக்குத் தெரிஞ்ச அம்மா இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நாம் சந்தித்த நாளே சாந்தமாகவா இருந்தது? சென்னையில் படித்து, மருந்து கட்டும் டிரெசர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, கப்பலேறி, ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு வந்த புதிது. வள்ளி வயிற்றில். அர்ச்சனை செய்ய ஆசை. "செமிலிங்ல ஐயர் வீடு இருக்கு" என்று கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பெண் ஒருத்தி வழி சொன்னாள். தேங்காய், பழம், வெற்றிலை, சூடம் எல்லாம் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்து உங்கள் படியில் நின்றேன். உங்கள் திருநெல்வேலிச் சபையில் போதகரைத்தான் ஐயர் என்பீர்கள், அவர் மனைவி ஐயரம்மா என்று எனக்கு யார் சொன்னார்கள்? கதவைத் திறந்து தட்டைப் பார்த்தீர்கள்.

"ஏளா, தப்பான ஐயர் வீட்டுக்கு வந்துட்டியே! வந்தது வந்துட்ட, அந்தத் தேங்காய மட்டும் குடு. சட்னிக்கு ஆவும்."

உள்ளேயிருந்து ஐயர், "யாரு?" என்று கேட்டார். அவருக்குக் காது மந்தம். "சூடத்தோட ஒரு பிள்ளை வந்திருக்கு, ஏத்திக் காட்டட்டுமான்னு கேக்குது!" என்று நீங்கள் போட்ட சத்தம் பெரிய சாலைவரை கேட்டிருக்கும். நான் வெட்கத்தில் குறுகிப்போனேன். அன்று தேங்காயைக் கொடுக்கவும் இல்லை. கோபத்தோடு திரும்பிவிட்டேன். தேங்காய்ச் சட்னி சாப்பிட நான் உங்கள் வீட்டுக்கு வர இன்னும் பல நாளாயிற்று.

வெளிநாட்டில் ஊழியம் செய்யும் வயதான தம்பதி என்றால் மூப்பர் மனதில் என்ன படம் இருக்கிறதோ. எனக்குத் தெரிந்தது இதுதான்: வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டயருக்குள் கயிறு திணித்துக்கொண்டிருக்கும் ஐயர். சுற்றிலும் ரப்பர் மரம், அவர் சக்கரத்துக்கு மட்டும் ரப்பர் இல்லை. சோளத்தை வறுத்துப் பொடித்துக் 'காப்பி' என்று நீட்டும் நீங்கள். "இதுல காப்பி எங்க இருக்கு?" என்பார் அவர். "விசுவாசத்துல இருக்கு, குடிங்க!" என்று கத்துவீர்கள். குடித்துவிட்டு, குருண் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கடகடவென்று அந்தச் சைக்கிளில் போவார். பிள்ளைக்குப் பெயர் வைக்க, செத்தவருக்கு ஜெபம் சொல்ல, சில நாள் வெறுமே உட்கார்ந்திருக்க.

உங்களுக்குப் போக வழி இல்லாமல் இல்லை. ஜப்பான்காரன் வருமுன் மிஷன் துரை வந்து கூப்பிட்டதை நீங்களே சொன்னீர்கள். "கப்பல்ல ரெண்டு எடம் இருக்குன்னாரு. இந்தச் சனங்களுக்கு எத்தன எடம் இருக்குன்னு கேட்டேன். தொப்பிய எடுத்துக்கிட்டு எந்திரிச்சிட்டாரு."

உங்கள் பிடியரிசியை நான் முதலில் பார்த்தபோதும் சண்டைதான். சமைக்கும் ஒவ்வொரு முறையும், உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கென்று எடுத்து வைப்பது உங்கள் ஊர்ப் பெண்களின் வழக்கம். ஊரில் அது கோயிலுக்குப் போகும். இங்கே, ஆண்களைச் சயாமுக்குப் பறிகொடுத்த லயங்களுக்குப் போயிற்று. அரிசிப் பங்கீடு சுருங்கச் சுருங்க உங்கள் தட்டில் கிழங்கு கூடியது. பிடி மட்டும் குறையவில்லை.

"உங்களுக்கே இல்லாதப்போ எதுக்கு இந்த வீம்பு?" என்றேன்.

"வீம்புன்னே வச்சுக்கோ. வயித்துக்குப் பயந்து கைய மூடினா அப்புறம் தொறக்காது, கேட்டியா?"

பிறகு வள்ளியின் அப்பாவையும் கொண்டுபோனார்கள். அங்கே கூலிக்காரர்களுக்கு மருந்து கட்ட ஆள் வேண்டுமாம். அவர் போன கொஞ்ச நாளில் குழந்தைக்கு வயிறு கெட்டது. கிழங்குக் கஞ்சியை வாயில் வைத்தால் அப்படியே வெளியே வரும். என்னிடம் பால் வற்றிவிட்டது. வள்ளியின் கை, ஆட்டினால் ஆடுகிற கயிறுபோல் ஆயிற்று. உங்கள் பானையில் அரிசி இருப்பது தெரியும். ஆனாலும் வரவில்லை. சோற்றுக்காக வேதத்தில் சேர்ந்தாள் என்று ஒரு வாய் சொல்லிவிட்டால்? அந்த மானம் எனக்கு அப்போது பெரிதாக இருந்தது.

நீங்கள்தான் வெயிலில் தோட்டத்துப் பாதை ஏறி வந்தீர்கள். வாசலில் நின்று நான் என் பயத்தைக் கோபமாகக் கொட்டியதைக் கேட்டீர்கள்.

"உன் ஆத்துமாவ யாருளா கேட்டா? பிள்ளையக் கொண்டா. பொட்ட வச்சுக்கிட்டே வா, எனக்கென்ன."

குழந்தையை நீங்களே தூக்கிக்கொண்டீர்கள். நான் பின்னால் நடந்தேன், நெற்றியில் பொட்டோடு.

அன்று மதியமே லாரி வந்தது. உங்கள் வீட்டுப் படியில் நின்றால் மெர்போக் பக்கத்து வயல்கள் தெரியும். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நெல், விளைந்ததெல்லாம் ஜப்பான்காரனுக்கு. அரிசி பதுக்குகிறவர்களைத் தேடி வந்திருந்தார்கள். ஓர் அதிகாரி, துப்பாக்கியோடு இரண்டு பேர், பேச்சைப் பெயர்த்துச் சொல்ல ஒரு துபாசி. அந்தத் துபாசி தமிழ் கற்றது எங்கோ ஒரு தோட்டத்தில் ஆட்களை விரட்டி வேலை வாங்கும்போது. வா, போ, தூக்கு, பிடி. அதற்குமேல் அவனிடம் அதிகம் தமிழ் இல்லை.

வள்ளி பாயில் கிடந்தாள். அவளுக்குக் கஞ்சி வைக்கத்தான் நீங்கள் பானையை இறக்கியிருந்தீர்கள். துபாசி பானையைக் காலால் தொட்டு, "இது என்ன?" என்றான்.

"பிடியரிசி" என்றீர்கள்.

அவன் முகம் மாறியது. "பிடி? அரிசி பிடி?" என்று திருப்பிக் கேட்டு, அதிகாரியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு கிழவி ஜப்பான் அதிகாரியைப் பார்த்து 'அரிசியைப் பிடி' என்று ஏவுகிறாள் என்று எண்ணிவிட்டான். அதிகாரியின் கழுத்து சிவந்தது. நான் பதறி, மலாயில் விளக்கப் போனேன்: அது ஒரு வழக்கம், கடவுளுக்கு எடுத்து வைப்பது, அம்மா உத்தரவு போடவில்லை. பாதி வாக்கியம்கூட முடியவில்லை.

"நீ சும்மா இரு. அவன் கேட்டது சரிதான்" என்றீர்கள்.

பானைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினீர்கள். அதிகாரிக்கு நேராக நீட்டினீர்கள்.

"பிடி. இது பசிச்சவனுக்குள்ளது. ஒனக்குப் பசின்னா கைய நீட்டு, தாரேன். பிடுங்கிட்டுப் போறதுன்னா அதுக்குப் பேரு வேற."

துபாசிக்கு ஒரே ஒரு சொல்தான் விளங்கியிருக்கும். அதிகாரி சின்ன வயதுக்காரன். என்ன நினைத்தானோ, கை தானாக நீண்டது. நீங்கள் அந்தக் கையில் அரிசியை வைத்து அவன் விரல்களையும் மூடிவிட்டீர்கள். மூடிய கையைக் குனிந்து பார்த்தான். துப்பாக்கிக்காரன் ஒருவன் தொண்டையைக் கனைத்தான். அப்போதுதான் அதிகாரிக்கு உறைத்தது. அதே கையால் உங்கள் கன்னத்தில் அறைந்தான்.

அரிசி பறந்தது. உங்கள் மயிரில், என் சேலையில், வள்ளியின் பாயில், பலகை இடுக்கெல்லாம். கண்ணாடி கழன்று விழுந்தது. நீங்கள் விழவில்லை.

சத்தம் ஏதோ லேசாகக் கேட்டு ஐயர் கயிறும் டயருமாக உள்ளே வந்தார். "என்ன, யாரு வந்திருக்கா?"

"விருந்தாளி!" என்று அவர் காதில் கத்தினீர்கள். "சாப்பிடாமப் போறாவ!"

பானையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். லாரிச் சத்தம் அடங்கியதும் நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"அழுவாத. பொறுக்கு" என்றீர்கள்.

பொறுக்கினோம். ஐயரும் முட்டி போட்டுப் பலகை இடுக்கில் ஈர்க்குச்சி விட்டு எடுத்தார். உங்கள் மயிரிலிருந்து நான் எடுத்தேன். வீங்கிய கன்னத்தில் ஒன்று ஒட்டியிருந்தது; அதையும் நீங்கள் விடவில்லை. எல்லாம் சேர்த்து உங்கள் உள்ளங்கையில் கொட்டினோம்.

"பாத்தியா? பானையோட இருந்திருந்தா இதுவும் போயிருக்கும். அந்தச் சவத்துப்பய கையில குடுத்தது மட்டும் திரும்பி வந்திட்டு."

அதைத்தான் கஞ்சியாகக் குழைத்தீர்கள். வள்ளி விழுங்கினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வெளியே வரவில்லை. இன்னொரு கரண்டிக்கு வாயைத் திறந்தாள்.

மறுநாள் காலையில் லயத்துப் பெண்கள் வந்தார்கள். முந்தானை முடிச்சுகளில் அரிசி. உங்கள் சபையார் மட்டும் இல்லை, காளியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்களும். "ஒரு பிடிதான் லா, அம்மா. வாங்கிக்குங்க. பாப்பாவுக்கு" என்றார்கள். வேறு பானை தேட வேண்டியதாயிற்று. அந்த அரிசியில்தான் என் மகள் எழுந்து உட்கார்ந்தாள்.

அடுத்ததை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. ஜப்பான்காரன் போவதற்குள் உங்கள் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். சாப்பாடு இல்லாத வீக்கம் என்று வள்ளியின் அப்பாவுடைய மருத்துவப் புத்தகங்களைப் படித்து நான் தெரிந்துகொண்டேன். பானையிலிருந்து எடுத்துக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தேன். தள்ளிவிட்டீர்கள்.

"அது எனக்குள்ளது இல்ல."

"நீங்களும் பசிச்சவங்கதானே!" என்று கத்தினேன். ஐயருக்கே கேட்டது.

"நான் எடுத்து வச்சவ" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

அதற்காக உங்கள்மேல் எனக்கு இன்றும் கோபம்தான். செத்தவர்மேல் கோபப்படக் கூடாதாம். நான் படுவேன். உங்களோடு சண்டை போடாமல் எனக்கு இருக்கத் தெரியாது.

ஐயர் இன்னும் தோட்டம் தோட்டமாகப் போகிறார். சைக்கிள் சத்தம் கேட்டால் வள்ளி ஓடிப்போய் அவர் காதில் கத்துகிறாள், உங்களைப் போலவே. அவள் தூங்கும்போது மூக்கருகில் விரல் வைத்து மூச்சு பார்க்கும் பழக்கம் என்னை விடவில்லை. நான் இன்னும் பொட்டு வைக்கிறேன், இன்னும் சூடம் ஏற்றுகிறேன். பிடியும் எடுத்து வைக்கிறேன். எந்தச் சாமிக்கு என்று கேட்டால் கேட்கட்டும்.

மூப்பர் மறுபடி வருவார். சாந்தமும் பொறுமையும் அவரே எழுதிக்கொள்ளட்டும். நான் ஒரு வரி தருவேன்: 'அம்மா கடைசிவரை கையை மூடவில்லை.' வாசித்தால் வாசிக்கட்டும்.

இதுவரை எழுதிவிட்டு நிமிர்ந்தேன். வள்ளி மூலைப்பானைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள். அவள் பிடி சிறியது. வழியெல்லாம் சிந்திக்கொண்டே அப்பாவிடம் போனாள்.

"பிடிப்பா" என்றாள்.

அவர் கையை நீட்டினார். அவருடைய விரல்களை அவளே ஒவ்வொன்றாக மூடிவிட்டாள். அவர் எழுந்துபோய், அரிசியைப் பானையில் போட்டு, தரையில் சிந்தியதையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார்.

யாருக்கு என்று அப்புறம் அவர் கேட்கவில்லை.