அடுப்படியில் பேட்டரி

அன்புள்ள பிடிவாதக்காரனுக்கு,

உன் காலை எடுத்த இடம் நன்றாக ஆறிவருவதாக பியூனஸ் அயர்ஸ் மருத்துவர் தொலைபேசியில் சொன்னார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. இங்கே ரியோ கிராண்டேயில் பனி ஜன்னல் விளிம்பைத் தொட்டுவிட்டது.

மோட்டார் சைக்கிளை விற்றுவிடச் சொல்லி எழுதியிருந்தாய். நேற்று மெக்கானிக் எவாரிஸ்தோ வந்தான். "குளிர்ல செத்துப்போன வண்டி டீச்சர், இரும்பு விலைக்குக் குடுத்துடுங்க" என்றான். குளிரில் உறையாமல் அடுப்படியில் கம்பளி சுற்றி வைத்திருந்த பேட்டரியைக் கொண்டுபோய் மாட்டினேன். ஒரே அழுத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்தில் நம் முதல் குளிர்காலம் நினைவுக்கு வந்தது. தோல்வின் ஊருக்குக் கிளம்பும்போது ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளை என் கோட்டுக்குள் திணித்தாய்.

"காகிதம் காத்தைத் தடுக்கும்னு எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

"இயற்பியல் டீச்சரே, பேசாம ஏறு."

போய் இறங்கியபோது என் வெள்ளைச் சட்டையில் கால்பந்து முடிவுகள் மை ஒட்டி, இடம் வலம் மாறிப் பதிந்திருந்தன. ரொட்டிக்கடைக்காரர் படித்துப் பார்த்து, தன் அணி தோற்றதற்கு என்னை முறைத்தார்.

வண்டியை விற்கப்போவதில்லை என்று எவாரிஸ்தோவிடம் சொல்லிவிட்டேன். சைடுகார் பொருத்தித் தர முடியுமா என்று கேட்டேன். மூன்று சக்கரம் இருந்தால் பனியில் அவ்வளவு எளிதில் சாயாதாம்.

"பொருத்தலாம். யாரு ஓட்டுறது?" என்று சிரித்தான். போன வாரம் வாங்கிய ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினேன்.

இத்தனை வருடம் உன் முதுகைப் பார்த்தே ஊர் ஊராகப் போனேன். இனி நீ பக்கத்தில் உட்கார்ந்து சாலையைப் பார். காற்று என் நெஞ்சில் அடிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைத் தாள்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். நீதான் வந்து திணித்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
பின்சீட்டில் இருந்தவள்